ஆட்டோட போய் ஆடு வாங்குன கதை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுல கட்டியிருக்குற என் ஆட்டைக் காரைக்கால் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். அங்க மேடையில வச்சு அதே ஆட்டை எனக்குக் குடுப்பாங்க. வாங்கிக்கிட்டு, ஒரு கும்பிடு போட்டுட்டு, திரும்ப வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துடணும்.

மறுபடி படிக்க வேணாம் மக்களே. சரியாத்தான் எழுதியிருக்கேன்.

எனக்கு ஊரு காரைக்கால் பக்கத்துல போலகம். பேரு ஜெசிந்தா. தனியார் ஸ்கூல்ல கணக்கு டீச்சர்.

இருந்தேன்.

கொரோனா வந்து ஸ்கூலை மூடுனப்போ முதல்ல அரைச் சம்பளம்னாங்க. அப்பறம் கால் சம்பளம்னாங்க. வருஷா வருஷம் பின்னத்தைப் பாடமா நடத்துனவ, நானே பின்னமாயிட்டேன். ஸ்கூல் மறுபடி திறந்தா, புள்ளைங்கள்ல பாதிப் பேரு ஃபீஸ் கட்ட முடியாம கவர்ன்மெண்ட் ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. "புள்ளைங்க திரும்பி வரட்டும் டீச்சர், கூப்பிடுறோம்"னாரு கரெஸ்பாண்டண்ட். இன்னும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காரு போல. எனக்குத்தான் கேக்கல.

என் வீட்டுக்காரர் சேவியர் கல்யாணங்களுக்கு லைட் செட் போடுறவரு. கல்யாணத்துக்கு இத்தனை பேருதான் வரணும்னு கட்டுப்பாடு போட்டாங்க பாருங்க, அப்ப பந்தல்ல ஆளை விட பல்பு ஜாஸ்தியா இருக்குன்னு அவரைக் கூப்பிடுறதையே நிறுத்திட்டாங்க.

அந்த நேரத்துலதான் எங்க மகளிர் குழுவுக்கு வாழ்வாதார மீட்புத் திட்டம்னு ஒண்ணு வந்துச்சு. ஆளுக்கொரு பெட்டை ஆடு. அப்பறமா ஒரு கிடா. குட்டி போடும், பெருகும், குடும்பம் தலை தூக்கும். நல்ல திட்டம்தாங்க, குறை சொல்லமாட்டேன்.

ஆனா ஆடு வந்துருச்சு, விழாவுக்குத் தேதி வரல. இன்னிக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போச்சு. அதுவரைக்கும் ஆட்டை யாரு மேய்க்கிறது? "அவங்கவங்க வீட்டுல கட்டிக்கங்கம்மா. விழா அன்னிக்குக் கூட்டிட்டு வந்துருங்க, மேடையில குடுத்துடுறோம்"னு சொல்லிட்டாங்க.

இதுல ஒரு கண்டிஷன். போட்டோ இருந்தாத்தான் ஆடு குடுத்ததா அர்த்தம். போட்டோ இல்லன்னா கிடா வராது. கிடா வரலன்னா குட்டி வராது. பெட்டை ஆட்டை மட்டும் வச்சுக்கிட்டு எந்த வாழ்வாதாரத்தை மீட்குறது? அதை எங்க தெருவுல அலங்காரத்துக்குத்தான் கட்டி வைக்கணும்.

ஆக, அன்னிக்குப் போயே ஆகணும்.

ஆட்டைப் பத்தி ஒரு வார்த்தை. நல்ல கறுப்பு, நெத்தியில மட்டும் வெள்ளை. பார்க்க சாது. ஆனா கூப்பிட்டா வராது. தேவைப்படும்போது கண்டிப்பா இருக்காது. அதனால எம்பொண்ணு அதுக்கு நெட்வொர்க்னு பேரு வச்சுட்டா. ஆன்லைன் கிளாஸ்ல படிச்ச புள்ள, வேற என்ன பேரு வைக்கும்?

குழுத் தலைவி மல்லிகாக்கா எல்லா ஆட்டுக்கும் சேத்து ஒரு குட்டியானை வண்டி பேசியிருந்தாங்க. காலையில தெருமுனைக்கு வந்து நின்னு ஹாரன் அடிக்குது. நான் பட்டுப்புடவை கட்டி, புடவைக்கு மேட்சா பூப்போட்ட மாஸ்க் போட்டு, பின்கட்டுக்குப் போறேன். முளைக்குச்சி இருக்கு. கயிறு இல்ல. ஆடும் இல்ல.

தெருவுல இறங்கி ஓடுனேன். "நெட்வொர்க்! நெட்வொர்க்!"

எதிர்வீட்டு மொட்டை மாடியிலேருந்து கந்தசாமி அண்ணன் போனைத் தூக்கிக் காட்டுனாரு.

"இங்க ரெண்டு கோடு வருது டீச்சர். மேல ஏறி வாங்க!"

"அது இல்லண்ணே! என் நெட்வொர்க் போயிருச்சு!"

"எல்லாருக்கும்தான் போயிருச்சு. காலையிலேருந்தே இப்படித்தான்."

இவருகிட்ட நின்னு விளக்கிக்கிட்டு இருந்தா குட்டியானை போயிரும்னு ஓடுனேன். அடுத்த தெருவுல ஒரு வீட்டுக் கொல்லையில, காயப்போட்டிருந்த பாய் மேல உக்காந்து நிதானமா அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு. நான் பிடிச்சு இழுக்க, அது என்னைப் பிடிச்சு இழுக்க, ஒருவழியா தெருமுனைக்கு வந்து சேர்ந்தா வண்டி இல்ல.

மல்லிகாக்கா போன்ல கத்துனாங்க. "டிரைவருக்கு அடுத்த லோடு இருக்காம், நிக்கமாட்டேன்னுட்டாரு. நீங்க பஸ்ல வந்துருங்க டீச்சர்!"

"ஆட்டோடயா அக்கா?"

"பின்ன ஆடு இல்லாம வந்து எதை வாங்குவீங்க?"

கேள்வி நியாயமாத்தான் இருந்துச்சு.

பஸ் போற மெயின் ரோடு வரைக்கும் இழுத்துக்கிட்டு நடந்தேன். வழியில எதிர்ப்பட்ட ஒரு அம்மா, ஆட்டையும் பட்டுப்புடவையையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டுக் கேட்டாங்க.

"என்ன டீச்சர், அம்பகரத்தூர் கோயிலுக்கு வேண்டுதலா?"

"இல்லைங்க, கவர்ன்மெண்ட் விழாவுக்கு."

அந்தம்மா முகம் வாடிப்போச்சு. "அங்கயும் வெட்டுறாங்களா?"

நாகப்பட்டினத்துலேருந்து ஒரு பஸ் வந்துச்சு. தமிழ்நாட்டு பஸ். கண்டக்டர் படியிலயே நின்னு கையைக் குறுக்க நீட்டுனாரு.

"ஆடெல்லாம் ஏத்த முடியாதும்மா."

"சார், இது கவர்ன்மெண்ட் ஆடு சார்."

"எந்த கவர்ன்மெண்ட்டு?"

எல்லையில குடியிருக்குறவங்களுக்குத்தான் இந்தக் கேள்வியோட வலி தெரியும். எங்களுக்கு ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கமும் தமிழ்நாடு, நடுவுல நாங்க மட்டும் வேற கவர்ன்மெண்ட்டு. ஊரடங்கு காலத்துல ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை திறந்திருக்கும், இந்தப் பக்கம் மூடியிருக்கும். அடுத்த வாரம் அப்படியே மாறும். டீ குடிக்க நாங்க படிக்காத அரசாணை இல்ல.

முன் சீட்டுல நாகூர்ல ஏறுன ஒரு அக்கா. கறுப்புத் துப்பட்டி, மடியில பெரிய பை. "யா அல்லாஹ், வாயில்லாத ஜீவனுங்க. வெயில்ல நடக்க விடாதீங்க, ஏத்திக்கங்க"ன்னு சொன்னாங்க. கண்டக்டர் மனசு இறங்கிட்டாரு. ஆனா டிக்கெட் புத்தகம் இறங்கல.

"உங்களுக்கு ஒரு டிக்கெட். ஆட்டுக்கு லக்கேஜ் டிக்கெட்."

"ஏன் சார், லேடீஸுக்கு ஃப்ரீதானே?"

"அது அங்க உள்ள லேடீஸுக்கு. நீங்க இங்க ஏறி இங்கயே இறங்குறீங்க."

சரின்னு பர்ஸைத் திறந்தேன். விட்டுருந்தா அதோட முடிஞ்சிருக்கும். ஆனா நாகூர் அக்காவுக்கு நியாயம் கேக்குற குணம்.

"அவங்க இந்த ஊரு, சரி. ஆடு எந்த ஊரு?"

நான் சும்மா இருந்திருக்கலாம். டீச்சர் பாருங்க, கேள்வின்னு ஒண்ணு வந்தா பதில் தானா வந்துருது. "திருவாரூர் பக்கத்துல ஒரு சந்தையில வாங்கினது"ன்னேன்.

"பெட்டையா, கிடாவா?"

"பெட்டை."

அக்கா கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தாங்க. "அப்ப அது தமிழ்நாட்டுப் பொம்பளை. அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?"

பஸ்ஸே ரெண்டா பிரிஞ்சுருச்சு. பின்சீட்டுல இருந்த ஒருத்தரு, எங்க பக்கத்து ஆளு, ஆரம்பிச்சாரு. "பஸ்ஸும் உங்களுக்கு ஃப்ரீ, ரேஷன் அரிசியும் உங்களுக்கு. எங்க ரேஷன் கடையில பல்லிதான் இருக்கு. அரிசிக்குப் பதிலா பேங்க்ல காசு போடுறாங்க, காசைப் பொங்கித் திங்க முடியுமா?"

அதுக்கு நாகூர் அக்கா, "பெட்ரோல் உங்க ஊர்ல விலை கம்மி. எங்க ஊட்டு ஆம்பளைங்க வண்டியை உருட்டிக்கிட்டு வந்து இங்கதான் போட்டுட்டுப் போறாங்க. அதைச் சொல்லமாட்டீங்களே?"

"பெட்ரோல் மட்டும்தானா போட்டுட்டுப் போறாங்க?"ன்னாரு பின்சீட்டு.

பஸ்ல இருந்த ஆம்பளைங்க எல்லாரும் சேந்தாப்புல ஜன்னலுக்கு வெளியில பார்த்தாங்க.

கடைசியில கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டுட்டு ஒரு தீர்ப்பு சொன்னாரு. ஆடு ஃப்ரீ. எனக்கு டிக்கெட்.

பிறந்து வளந்த ஊருக்குள்ள நான் காசு குடுத்துப் போறேன். திருவாரூர் ஆடு ஓசியில வருது. பி.எட். படிச்சிருக்கேன்னு அந்த நிமிஷம் ஏனோ ஞாபகத்துக்கு வந்துச்சு.

நிக்கிற இடத்துல ஒரு வயசானவரு. பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவருன்னு அவரோட தொப்பியே சொல்லுச்சு. பஸ் ஒரு குலுக்கு குலுக்குனதுல ஆட்டோட காலை மிதிச்சுட்டாரு. உடனே குனிஞ்சு ஆட்டைப் பார்த்து, "பர்தோன்"ன்னு பிரெஞ்சுல மன்னிப்பு கேட்டாரு. என் காலையும்தான் மிதிச்சாரு. எனக்கு ஒண்ணும் சொல்லல.

கிடைச்ச சீட்டுல உக்காந்து டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுறப்ப, மூச்சு முட்டுதுன்னு மாஸ்க்கைக் கழட்டி மடியில வச்சிருந்தேன். மேடையில முகம் வேர்க்காம இருக்கணும்னு ஒரு முன்யோசனையும் உண்டு. சில்லறை எடுத்துக் குடுத்துட்டு நிமிர்றேன், கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்க்குறாரு.

"மாஸ்க் எங்கம்மா? மாஸ்க் இல்லாம வரக்கூடாது."

மடியைத் தடவுறேன். இல்ல. கீழ பார்க்குறேன். இல்ல. அப்பறம் நெட்வொர்க்கைப் பார்க்குறேன்.

வாயிலேருந்து ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் தொங்குது. பூப்போட்ட துணி முகத்துக்கு நேரா கச்சிதமா இருக்கு. தாடை மட்டும் மெதுவா அசையுது.

கண்டக்டர் பெருமூச்சு விட்டாரு. "ஆடே ஒழுங்கா மாஸ்க் போட்டுருக்கு. நீங்க போடலையேம்மா!"

பஸ்ஸுல அதுவரைக்கும் சண்டை போட்டுக்கிட்டு இருந்த ரெண்டு மாநிலமும் ஒண்ணா சிரிச்சுது. நான் முந்தானையால மூக்கை மூடிக்கிட்டேன். மாஸ்க்குக்காக மட்டும் இல்ல.

ஒருவழியா திடலுக்குப் போய் சேந்தேன். வாசல்ல பெரிய ஃப்ளெக்ஸ். "பெருந்தொற்றிலிருந்து மீண்டெழுவோம்!" கீழ ஒரு ஆட்டோட படம். எந்த இண்டர்நெட்ல எடுத்தாங்களோ, பனிமலை உச்சியில வளைஞ்ச கொம்போட கம்பீரமா நிக்குது. நெட்வொர்க் அதை நிமிர்ந்து பார்த்துச்சு. அப்பறம் ஃப்ளெக்ஸோட ஓரத்தை ஒரு கடி கடிச்சுது.

வாசல்ல நின்ன இளைஞர் எனக்கு ஒரு மாஸ்க் குடுத்தாரு. கையில டெம்பரேச்சர் துப்பாக்கி. என் நெத்தியில பிடிச்சாரு.

"தொண்ணூத்தேழு. ஓகே மேடம், போங்க."

நான் ஒரு எட்டு வச்சேன். அவரு குனிஞ்சு ஆட்டோட நெத்தியிலயும் பிடிச்சாரு! எதுக்குப் பிடிச்சாருன்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல. கடமை உணர்ச்சின்னு வச்சுக்குவோம்.

அவரு முகம் மாறிடுச்சு. "மேடம், நூத்திரெண்டு! இதுக்குக் காய்ச்சல். உள்ள விட முடியாது."

"தம்பி, அது ஆடுப்பா!"

"தெரியுது மேடம். காய்ச்சல் இருக்கே."

நல்லவேளையா கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் பக்கத்துலதான் நின்னாரு. எங்க ஆடுங்களுக்கெல்லாம் காதுல தோடு மாதிரி நம்பர் மாட்டுனதே அவருதான். ஓடி வந்தாரு.

"ஆட்டுக்கு நார்மலே அவ்வளவுதான் தம்பி. விடுங்க."

"சார், எனக்குச் சொன்னதுல ஆளு, ஆடுன்னு பிரிக்கல. உள்ள நுழையுற எல்லாருக்கும் பாக்கணும், நூறுக்கு மேல இருந்தா தனியா உக்கார வைக்கணும். அவ்வளவுதான் சொன்னாங்க."

"அப்ப மத்த ஆடெல்லாம் எப்படி உள்ள போச்சு?"ன்னு கேட்டேன்.

"அதுங்க வண்டியில பின்வாசல் வழியா போச்சு மேடம். பின்வாசல்ல துப்பாக்கி இல்ல."

கம்பவுண்டர் என்னைப் பார்த்தாரு. நான் கம்பவுண்டரைப் பார்த்தேன். உள்ள மைக்ல பேரு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

"டீச்சர், நீங்க போங்க. ஆட்டை இங்க கட்டிட்டுப் போங்க, நான் யாரையாவது கேட்டு உள்ள அனுப்புறேன்"ன்னாரு அவரு.

கட்டுனது எங்க தெரியுங்களா? மரத்தடியில ஒரு போர்டு: "காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் இங்கே அமரவும்." அதுக்குக் கீழ வரிசையா பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு நாற்காலிக் காலுல நெட்வொர்க்கைக் கட்டுனாங்க. ஏற்கனவே அங்க ஒருத்தர் உக்காந்திருந்தாரு. வெள்ளை வேட்டி, கையில சால்வை. சிறப்பு விருந்தினருக்குப் போத்த வந்தவராம்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. வெயில்ல சைக்கிள்ல வந்தேன், அந்தச் சூடு. இதைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க"ன்னாரு ஆட்டைப் பார்த்துக்கிட்டே. "காய்ச்சலாமே!"

நான் உள்ள ஓடுனேன்.

மல்லிகாக்கா மேடைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க. "எங்க டீச்சர் ஆடு?"

"காய்ச்சல்னு வாசல்ல உக்கார வச்சுட்டாங்க அக்கா."

அவங்க கொஞ்சம்கூட அதிர்ச்சி ஆகல. "பரவால்ல. இங்க ஆடு தேவைப்படல. ஒண்ணே போதுமாம்."

நிமிர்ந்து மேடையைப் பார்த்தேன். அப்பத்தான் எனக்கு விஷயம் விளங்குச்சு.

மைக் சத்தத்துல மத்த ஆடெல்லாம் மிரண்டு, மேடை ஏறமாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்ணிருக்கு. ஒண்ணு போட்டோகிராஃபரை முட்டிருச்சாம். ஆனா மல்லிகாக்கா கொண்டாந்தது திட்டத்து ஆடே இல்ல. அவங்க ஆட்டுக்குக் கால் சுளுக்கு. "ஆடு ஆடுதானே"ன்னு வீட்டுல வளத்த கிடாவைக் கொண்டாந்துட்டாங்க. பிஸ்கட் போட்டு வளத்த கிடா. புள்ளைங்க மேல ஏறி சவாரி பண்ணாலும் அசையாது. விழா நடத்துறவங்களுக்கு அதைப் பார்த்ததும் தெய்வமே இறங்குன மாதிரி.

ஒரு அம்மா பேரைக் கூப்பிடுவாங்க. அவங்க மேடை ஏறுவாங்க. சிறப்பு விருந்தினர் கிடாவோட கயித்தைக் குடுப்பாரு. போட்டோ. கைதட்டல். அந்தம்மா கிடாவை ஓட்டிக்கிட்டு மேடைக்குப் பின்பக்கமா இறங்கி, முன்பக்கம் வந்து, அடுத்தவங்க கையில கயித்தைக் குடுப்பாங்க. அவங்க பேரைக் கூப்பிடுவாங்க. திரும்ப அதே கிடா மேல ஏறும்.

எத்தனை தடவை ஏறி இறங்குச்சோ பாவம்! கடைசியில அதுவே படியேறி, சரியான இடத்துல நின்னு, கேமராவைப் பார்க்கப் பழகிடுச்சு.

என் பேரைக் கூப்பிட்டாங்க. ஏறுனேன். சிறப்பு விருந்தினர் நல்ல மனுஷன். எல்லாருகிட்டயும் ஒரு கேள்வி கேட்டு, பதிலை மைக்ல சொல்ல வச்சுக்கிட்டு இருந்தாரு. கிடாவோட கயித்தை என் கையில குடுத்துட்டு, மைக்கை என் வாய்க்கு நேரா நீட்டுனாரு.

"ஆட்டுக்கு என்னம்மா பேரு வச்சிருக்கீங்க?"

இது மல்லிகாக்கா கிடா. அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாது. பதட்டத்துல என் ஆட்டோட பேரைச் சொல்லிட்டேன்.

"நெட்வொர்க்!"

நாலு ஸ்பீக்கர்லயும் "நெட்வொர்க்... வொர்க்... வொர்க்"குன்னு திடல் பூரா எதிரொலிச்சுது.

வாங்கி வந்த நாள்லேருந்து கூப்பிட்டு ஒரு தடவை வந்ததில்ல மக்களே. தவிட்டைக் காட்டிக் கூப்பிட்டிருக்கேன். அழுது கூப்பிட்டிருக்கேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வந்துடாதன்னு நான் வேண்டிக்கிட்டு இருந்த அந்த நேரத்துல, வாசல் பக்கமிருந்து ஒரு "மே..." கேட்டுச்சு.

பார்க்குறேன். நடுப்பாதையில நெட்வொர்க் வருது. கழுத்துல கயிறு. கயித்துல நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால வெள்ளை வேட்டிக்காரர், "பிடிங்க! பிடிங்க! காய்ச்சல் ஆடு!"ன்னு கத்திக்கிட்டு ஓடி வர்றாரு. அவருக்குப் பின்னால துப்பாக்கித் தம்பி, "சார், நீங்களும் உள்ள வரக்கூடாது சார்!"னு வர்றாரு.

"காய்ச்சல் ஆடு"ன்னு கேட்டதும் முன்வரிசை பூரா எழுந்து நின்னுடுச்சு. ரெண்டு வருஷமா இடைவெளி விடுங்க, இடைவெளி விடுங்கன்னு மைக்ல கத்துனப்போ விடாத ஜனம், ஒரு நொடியில ஆறடி விட்டுச்சு.

நெட்வொர்க் வாழைமர வளைவுல ஒரு இலையை உருவிக்கிட்டு மேடை ஏறிடுச்சு. நாற்காலி படியில சிக்கி கழண்டு விழுந்துச்சு.

அதுவரைக்கும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்ன கிடா, நெட்வொர்க்கைப் பார்த்துச்சு.

அவ்வளவுதான்! கேமராவாவது, சிறப்பு விருந்தினராவது! பின்னங்கால்ல எழும்பி ஒரு குதி குதிச்சுது பாருங்க, நான் கயித்தோட சேந்து சுத்தி, விருந்தினர் தோள்ல போய் மோதி நின்னேன். நெட்வொர்க் அவரோட மாலையை ஒரு பக்கம் தின்ன ஆரம்பிச்சுது. ஃபிளாஷ் பளிச் பளிச்னு அடிக்குது.

மைக் பிடிச்சவரு அனுபவசாலி. ஒரு விநாடிதான் முழிச்சாரு. அப்பறம் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு கணீர்னு அறிவிச்சாரு.

"இந்த அம்மையாருக்கு... ஜோடியாக வழங்கப்படுகிறது!"

கைதட்டல் காதைக் கிழிச்சுது. விருந்தினரும் சிரிச்சுக்கிட்டே மிச்சமிருந்த மாலையைக் கழட்டி ஆட்டுக்கே குடுத்துட்டாரு. அவ்வளவு பெரிய கைதட்டலை பதினஞ்சு வருஷ டீச்சர் வேலையில நான் வாங்குனதில்ல. எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடு வேற போட்டேன்.

அதான் நான் பண்ண தப்பு.

கொஞ்ச நாள் போச்சு. கிடா வரல. குழுவா சேந்து ஆபீஸுக்குப் போனோம். அங்க இருந்த அதிகாரி மரியாதையானவரு, எல்லாருக்கும் உக்கார நாற்காலி போடச் சொன்னாரு.

"கிடா எப்ப சார் வரும்?"னு மல்லிகாக்கா கேட்டாங்க.

அவரு எங்களை வினோதமா பார்த்தாரு. "குடுத்தாச்சேம்மா?"

"எப்ப சார்?"

கம்ப்யூட்டர் திரையை எங்க பக்கம் திருப்புனாரு. வரிசையா போட்டோ. ஒவ்வொருத்தர் கையிலயும் கயிறு. ஒவ்வொரு கயித்துலயும் கிடா. கொம்பும் தாடியுமா, சந்தேகமே இல்லாத கிடா.

"பெட்டை ஏற்கனவே உங்க வீட்டுல இருக்கு. காதுல நம்பர் மாட்டிருக்கோம். கிடாவை மேடையில வாங்கிருக்கீங்க. போட்டோ இருக்கு. திட்டம் முடிஞ்சுதும்மா."

"சார், நல்லா பாருங்க சார்! எல்லா போட்டோலயும் ஒரே கிடா சார்! என் வீட்டுக் கிடா! இடது காது கிழிஞ்சிருக்கு பாருங்க!"

அவரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பொறுமையா ஒவ்வொண்ணா பார்த்தாரு.

"ஒரே இனம்மா. அப்படித்தான் இருக்கும்."

நான் எழுந்தேன். படிச்சவ நான்தானே, நியாயமா பேசலாம்னு. "சார், ஒருவேளை போட்டோல தப்பு நடந்திருக்கலாம். மேடையில உண்மையா என்ன நடந்துச்சுன்னா..."

"நீங்க நெட்வொர்க் டீச்சர்தானே?" மனுஷன் முகத்துல அப்படி ஒரு மலர்ச்சி! "உங்க போட்டோவைத்தான்மா அறிக்கைக்கு அட்டைப்படமா போட்டுருக்கோம். ஜோடியா வாங்கிக்கிட்டு, சனங்களைப் பார்த்துக் கும்பிட்டீங்களே. அதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்?"

அட்டைப்படத்தைக் காட்டுனாரு. நான் பல்லெல்லாம் தெரிய கும்பிடுறேன். ஒரு பக்கம் கிடா, ஒரு பக்கம் பெட்டை. நடுவுல பாதி மாலையோட விருந்தினர். மேல கொட்டை எழுத்துல, "மீண்டது வாழ்வாதாரம்!"

குழுவுல அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அப்படி ஒரு பார்வையை நான் பரீட்சை ஹால்ல புள்ளைங்க மேல வீசியிருக்கேனே தவிர, வாங்குனதில்ல.

வெளியில வந்து வேப்பமரத்தடியில நின்னோம். அப்பறம் மல்லிகாக்காதான் சொன்னாங்க.

"சரி விடுங்கடி. கவர்ன்மெண்ட் சொல்றதும் ஒரு வகையில சரிதான். நம்ம எல்லாருக்கும் கிடா இருக்கு. ஒரே கிடாவா இருக்கு, அவ்வளவுதானே? முறை போட்டுக்குவோம்."

முறை போட்டுக் குடுத்தது நான்தாங்க. கணக்கு டீச்சர், அது கூடவா வராது? ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீடு. தவிடு, அகத்திக்கீரை அந்தந்த வீட்டுச் செலவு. நெட்வொர்க்குக்குத்தான் முதல் முறை. மேடையிலயே நிச்சயம் ஆயிருச்சேன்னு யாரும் ஆட்சேபம் பண்ணல.

சேவியர் அட்டைப்படத்தைப் பார்த்துட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு. "லைட்டிங் சரியில்ல."

ஆக மக்களே, எங்க ஊரோட மொத்தப் பொருளாதார மீட்சியும் இப்ப மல்லிகாக்கா வீட்டுக் கிடாவை நம்பித்தான் இருக்கு.

போன வாரத்துலேருந்து அது எங்கள்ல யாரைப் பார்த்தாலும் வைக்கோல்போருக்குப் பின்னால போய் நின்னுக்குது.